உங்கள் ஓர்க் தெய்வத்தை யார் குளிர்விக்கிறார்கள்?

மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது, சுருக்கமாக, இதுதான். நண்பர்கள் ஐவர் சேர்ந்து மேசையைச் சுற்றி அமர்ந்து, தாயக்கட்டை உருட்டிக் கற்பனைக் கதையொன்றை ஆடிவருகிறார்கள். கதையை நடத்தும் பொறுப்பு அவருடையது. கதையில் ஓர்க் கூட்டமொன்று வருகிறது: கோரைப்பல்லும் பருத்த உடம்புமாக மலைக்குகைகளில் வாழும் முரட்டு இனம். அவர்களுக்கு ஒற்றைக்கண் போர்த்தெய்வம் ஒன்றை வைத்திருக்கிறார். பூசாரி கைதிகளைப் பலியிடுகிறான், வீரர்கள் அந்த இரத்தத்தை நெற்றியில் பூசிக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். “இரண்டு நாள் ஆட்டத்திலேயே எல்லோருக்கும் சலித்துவிட்டது. இன்னும் எத்தனை தெய்வங்களைச் சேர்க்க வேண்டும்? செத்தவர்கள் எங்கே போவதாக வைக்கலாம்? தெய்வம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஆடுபவர்கள் கேட்டால் என்ன சொல்வது?” என்று கேட்கிறார்.

தம்பி, எண்ணிக்கையில் குறை ஒன்றும் இல்லை. ஒரு தெய்வமே போதும். உங்கள் தெய்வத்துக்குச் சூடேற்ற ஆள் இருக்கிறது, குளிர்விக்க ஆள் இல்லை. குறை அங்கேதான். ஆறேழு வருடங்களாகத் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இதே ஆட்டத்தை நடத்தி, உங்களைப் போலவே தொடங்கி, உங்களைப் போலவே சலித்துப்போனவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

மற்றவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். ‘லார்ட் ஒவ் த ரிங்ஸ்’ கதையை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ஓர்க்குகளுக்குக் கோயிலும் இல்லை, திருவிழாவும் இல்லை. இருளின் தலைவன் ஒருவனுக்கு அஞ்சி நடக்கிறார்கள், அவ்வளவுதான். அச்சம் ஒரு படையை நடத்தும், ஒரு ஊரை நடத்தாது. 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டும் அதைத் தொடர்ந்த நூல்களும்தான் ஓர்க்குகளுக்கு ஒரு தெய்வக் குடும்பத்தையே அமைத்துக் கொடுத்தன. உங்கள் ஒற்றைக்கண் தெய்வம் அங்கிருந்து வந்தவர்தான், பெயர் குரூம்ஷ். அவர் மனைவி லூத்திக், குகைத் தாய், பிள்ளைப்பேறும் மருத்துவமும் அவள் பொறுப்பு. பாக்ட்ரு என்ற மகன் பலசாலி, புத்தி மட்டு. படை நடத்தும் தந்திரத்துக்கு இல்னெவல், இருட்டுக்கும் பதுங்கலுக்கும் ஷர்காஸ், நோய்க்கும் சாவுக்கும் யுர்ட்ரஸ். இந்த யுர்ட்ரஸின் கைகள் வெளுத்தவை. அவருக்கு வாயே இல்லை. வாயில்லாத சாவு என்ற அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடிக்கும். மன்றாடினாலும் பதில் வராது.

குரூம்ஷைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்றைக் கவனியுங்கள். ஆதியில் தெய்வங்கள் எல்லாம் கூடி, உலகத்தைப் பங்கு போடத் திருவுளச்சீட்டு எடுத்தார்களாம். காடு கூர்ங்காது கொண்ட எல்ஃப் இனத்தாருக்குப் போயிற்று, மலை குள்ளர்களுக்குப் போயிற்று, மனிதர்கள் எங்கும் வாழலாம் என்றாயிற்று. குரூம்ஷின் முறை வந்தபோது மிச்சம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஈட்டியை எடுத்து மலைகளைக் குத்திப் பிளந்து, “இந்தப் பிளவுகளில் என் மக்கள் வாழ்வார்கள்” என்றார். இது போர் வெறியின் கதையில்லை. காணிக் கச்சேரியில் பெயர் விடுபட்டவனின் கதை. நமக்குப் புரியாததா?

அந்தக் கண்ணுக்கும் இரண்டு வரலாறு உண்டு. எல்ஃப் தெய்வத்தோடு நடந்த சண்டையில் ஒரு கண் போயிற்று என்பது எல்ஃபுகள் சொல்வது. எங்கள் தெய்வத்துக்கு எப்போதுமே ஒரு கண்தான், எவனும் எதையும் பிடுங்கவில்லை என்பது ஓர்க் பூசாரிகள் சொல்வது. உங்கள் ஆட்டத்தில் இரண்டாவது வரலாறு இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் ஓர்க் சமயத்தை எல்ஃபுகள் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை விளங்கிக்கொள்ளத் திருகோணமலையைவிட நல்ல இடம் கிடையாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் உச்சிக்குப் போகும் வழியில், கடலுக்கு நேர் செங்குத்தாகப் பிளந்து நிற்கும் பாறையை இராவணன் வெட்டு என்கிறோம். தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்தவன் வாளால் வெட்டிய பிளவு என்பது ஊர் வழக்கு. அந்தத் தாய்க்குக் கிரியை செய்ய அவன் உண்டாக்கியவைதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்றும் சொல்வார்கள். ஊர் முழுக்க அறிந்த அரக்கன் இங்கே யார்? தாய்க்குக் கடன் தீர்த்த மகன், இறைவனை விட்டுப் பிரிய மனமில்லாத அடியவன். ஏழாம் நூற்றாண்டில் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாடிய சம்பந்தர் தம் பதிகங்களில் ஒரு முறை வைத்திருக்கிறார்: எட்டாம் பாட்டில் இராவணன் வருவான். கயிலையை எடுக்கப் போய் விரலுக்கு அடியில் நசுங்குவான், பிறகு பாடி அருள் பெறுவான். நசுக்கியவரே நாளும் வாளும் கொடுத்தார் என்பது அந்தக் கதையின் முடிவு. ஒரே ஆள், ஒரு கதையில் பகைவன், இன்னொரு கதையில் பக்தன். ஓர்க்குகளின் சமயத்தை எழுதுகிறவர் இந்த இரண்டாவது கதைக்குள் நின்றுதான் எழுத வேண்டும்.

மற்ற விளையாட்டுகளையும் தொட்டுவிடுகிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஓர்க்குகளின் தெய்வம் மலகாத். முன்பு டிரினிமாக் என்ற எல்ஃப் வீரத்தெய்வமாக இருந்து, இன்னொரு சக்தியால் விழுங்கப்பட்டு, கழிவாக வெளியேறியவர். அவரோடு சேர்ந்து அவரை வணங்கியவர்களும் உருமாறி ஓர்க்குகளானார்களாம். ஒதுக்கப்பட்டோரின் தெய்வம், கொடுத்த வாக்கின் தெய்வம். கழிவு என்று ஊர் சிரிக்கும், அவர்கள் அதையே தலைநிமிர்ந்து வணங்குவார்கள். வார்கிராஃப்ட் ஓர்க்குகள் ஐம்பூதங்களோடும் முன்னோரோடும் பேசுகிறவர்கள். பேயின் இரத்தத்தைக் குடித்து வலிமை பெற்றார்கள், ஆனால் அதற்குள் பூதங்கள் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தன. தெய்வம் கோபிப்பதைக் காட்டிலும் பேசாமல் இருப்பது கொடிய தண்டனை என்பதை அந்தக் கதை நன்றாகப் பிடித்திருக்கிறது.

வார்ஹாமரில் கோர்க், மோர்க் என்று இரண்டு பேர். ஒருவர் தந்திரமான முரடர், மற்றவர் முரட்டுத் தந்திரக்காரர். எவர் எது என்பதற்காகவே ஓர்க்குகள் அடித்துக்கொள்வார்கள். நகைச்சுவைக்கு வைத்ததுதான். ஆனால் நமது கிழக்கு மாகாணத்துக் கொம்புமுறி விளையாட்டை அறிந்தவருக்கு அது வெறும் நகைச்சுவையாகத் தோன்றாது. ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இழுப்பார்கள். ஒன்று முறியும்வரை விடமாட்டார்கள். தோற்ற பக்கத்தை வசை பாடித் தீர்ப்பார்கள். மழையும் நலமும் வேண்டிச் செய்த வழிபாடு அது. கணவன் மனைவி சண்டையை ஊரே ஏற்று இழுத்து முடிக்கிறது. உங்கள் ஓர்க் ஊருக்கு இரண்டு தெய்வம் வேண்டுமானால் இப்படி வையுங்கள்: இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கட்டும்.

இனிச் சூட்டுக்கும் குளிருக்கும் வருகிறேன்.

வைகாசியில் நம் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் குளிர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் கதவைத் திறந்து, நாட்கணக்கில் சடங்கு நடத்தி, கடைசியில் அம்மனைக் குளிர்விப்பார்கள். மதுரையை எரித்த சூடு இன்னும் ஆறவில்லை என்பதுதான் அதன் அடிப்படை. நீதி கேட்டு வந்த கோபம், நியாயமான கோபம், ஆனாலும் கோபம். அதை அப்படியே விட்டால் அம்மையும் வெப்புநோயுமாக ஊருக்குள் இறங்கும். எனவே பாட்டுப் பாடி, வேப்பிலையால் நீரைக் கலக்கி, குளிர வைக்கிறார்கள். நீர் தெளிபடும்போது கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும். சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் ஒரு முறை நான் அழுதிருக்கிறேன். காரணம் இன்றுவரை தெரியாது.

போர்த்தெய்வத்தைக் கற்பனை செய்கிற எல்லோரும் சண்டைக்குப் போகும் காலையை எழுதுகிறார்கள். முரசு, இரத்தம், கூச்சல். திரும்பி வரும் மாலையை யாரும் எழுதுவதில்லை. கொன்றுவிட்டு வருகிறவன் அதே கையால் எப்படிப் பிள்ளையைத் தூக்குவான்? அந்தக் கேள்விக்கு ஊர் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? சமயம் அந்த மாலையில்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்டத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் எங்கள் போர்த்தெய்வத்துக்கு ஒரு கோரைப்பல் முறிந்தது என்று வைத்தேன். ஆட வந்தவர் ஒருவர், “அப்படியென்றால் பிள்ளையார்தானே” என்றார். அன்று ஆட்டம் கெட்டது. பிறகு எரிவாயன் என்று மாற்றினேன். வாய் மூடாத தெய்வம். உள்ளே எப்போதும் நெருப்பு. சண்டைக்கு முன் வீரர்கள் அவனிடமிருந்து ஒரு வாய் நெருப்பைக் கடன் வாங்குகிறார்கள். கடன் என்பதைக் கவனியுங்கள். திரும்பக் கொடுத்தாக வேண்டும்.

திரும்பி வருகிறவர்கள் ஊருக்குள் நுழையக் கூடாது. எல்லையில் ஒரு குடில், மூன்று இரவு. யாரும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அடுப்பையோ தானியத்தையோ குழந்தையையோ அவர்கள் தொடக் கூடாது. நான்காம் நாள் விடியலில் வீட்டுக்கு ஒரு குடம் நீர் வரும். கொண்டுவருபவர்கள் கிழவிகள். வீரன் மண்ணில் முழந்தாளிட வேண்டும். கிழவி அவன் தலையில் நீரை ஊற்றிக்கொண்டே தெய்வத்தைத் திட்டுவாள்: “வாங்கியது போதும், வாயை மூடு, இவன் எங்கள் பிள்ளை, திருப்பிக் கொடு.” துதி கிடையாது, திட்டு மட்டும். சுந்தரர் ஆரூரானைப் பார்த்து ‘வாழ்ந்து போதீரே’ என்று பாடிய மொழியில் எழுதுகிற நமக்குத் தெய்வத்தைத் திட்டுவது பக்தியின் உச்சம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இறந்து திரும்பாதவனின் வீட்டிலிருந்தும் குடம் வரும். ஊற்றத் தலை இல்லை. எல்லைக்கல்லில் மோதி உடைத்துவிட்டுக் கிழவி திரும்பிப் பார்க்காமல் போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தச் சடங்கை முதன்முதலாக ஆடினோம். மழை பிடித்து மின்சாரம் போயிருந்தது, மெழுகுதிரி வெளிச்சம். எங்கள் நண்பர் ஒருவர் ஆடிய வீரன், முந்தைய ஆட்டத்தில் தன் கூட்டத்தானையே குத்திவிட்டிருந்தான். இருட்டில் தவறுதலாகத்தான். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கு நீர் ஊற்ற வந்த கிழவி, குத்துப்பட்டுச் செத்தவனின் பெரியம்மா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. குடத்தைத் தூக்கிவிட்டாள் என்று சொல்லி நிறுத்தினேன். நண்பர் தாயக்கட்டையைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “சொல்லிவிடட்டுமா?” என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் தன் வீரனின் வாயால் சொன்னார். கிழவி ஊற்றினாளா இல்லையா என்று மற்ற மூவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள் என்றேன். குடம் நிறைந்தபடியே அங்கே இருக்கிறது. ஊற்ற ஆள் இல்லை. அந்த வீரன் இன்றுவரை, எங்கள் கணக்கில் ஐந்து மாத ஆட்டம், எல்லைக்கு வெளியேதான் இருக்கிறான். நாற்பது கைதிகளைப் பலியிட்டிருந்தாலும் அந்த அமைதி கிடைத்திராது.

குகைத் தாயையும் இதே கண்ணோடு பாருங்கள். லூத்திக்கைப் பெரும்பாலோர் குரூம்ஷின் மனைவி என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். கோணேசர் கோயிலுக்குப் போனால், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் பாறை விளிம்பில் நிற்கும் மரத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், பிள்ளை வரம் கேட்டவர்கள். கடற்காற்றில் எல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கீழே எத்தனையோ பாகத்துக்குக் கடல். எங்கள் ஓர்க்குகளின் தாய்த்தெய்வத்துக்குப் பொந்தாச்சி என்று பெயர். குகையின் உட்சுவரில் ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு விரற்கடைப் பள்ளம் கொத்துவார்கள். பிள்ளை இறந்தால் அந்தப் பள்ளத்தில் மெழுகை வைத்து அடைப்பார்கள். ஒரு தலைவன் எவ்வளவு பெரிய போரை வென்றான் என்று அந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. அவன் காலத்தில் எத்தனை பள்ளம் திறந்தே இருக்கிறது என்று கேட்பார்கள். பொந்தாச்சிக்குப் பூசாரி கிடையாது, மருத்துவிச்சிதான் எல்லாம். இதற்கு மேல் அவளை விவரிக்க நான் விரும்பவில்லை. ஆடுபவர்கள் தாமாகவே கண்டுபிடிக்கட்டும்.

செத்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குப் புதிதாக ஒரு சொர்க்கம் கட்டாதீர்கள். ஓயாமல் குடித்து ஓயாமல் சண்டை போடும் வீர மண்டபம் வடநாட்டு ஐரோப்பியரின் பழங்கதை. எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். சங்கப் பாட்டில் வீரன் எங்கும் போவதில்லை. நடுகல்லாக ஊருக்கு வெளியே நிற்கிறான். பெயரும் பீடும் எழுதி, மயிற்பீலி சூட்டி, கள்ளும் படைக்கிறார்கள். பகைவரைத் தடுத்து விழுந்தவனின் கல்லைத் தவிர வேறு கடவுள் எங்களுக்கு இல்லை என்றே ஒரு புறநானூற்றுப் பாட்டு சொல்கிறது. இது ஓர்க்குகளுக்குப் பொருந்துவதுபோல் வேறு எதுவும் பொருந்தாது. கல்லுக்குப் பெயர் இருக்கும்வரை செத்தவன் காவல் நிற்பான். எழுத்து மழையில் தேய்ந்தால்? புதுக் கல் நடலாமா, அல்லது ஓய்வெடுக்க விட்டுவிடலாமா? அதற்காக இரண்டு குலங்கள் சண்டை பிடிக்கட்டும். பரணிகளில் போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைக்கும் காட்சியையும் ஒரு முறை படித்துவிடுங்கள். ஓர்க் விருந்து எழுத அதைவிட நல்ல பயிற்சி இல்லை. அந்தப் பேய்களுக்குப் பசியும் உண்டு, பகிடியும் உண்டு. ஓர்க்குகளைச் சிரிக்கவிடாத கதைசொல்லி பாதி இனத்தைக் கொன்றுவிடுகிறார்.

பூசாரி விஷயத்தில் உங்களோடு சிறு சண்டை இருக்கிறது. மண்டையோட்டு மாலை, கோல், கெட்ட சிரிப்பு. இப்படி முழுநேரப் பூசாரியை அவ்வளவு சிறிய கூட்டம் எப்படிச் சோறு போட்டு வைத்திருக்கும்? நம் ஊர்ச் சிறுதெய்வக் கோயில்களில் தெய்வம் ஆடுபவர் மற்ற நாட்களில் வலை இழுப்பார், வயல் பார்ப்பார், லொறி ஓட்டுவார். சடங்கு நாளில் உரு ஏறும்போது அவர் சொல்வது வாக்கு. மறுநாள் காலை தேநீர்க் கடையில் அவரிடமே கடன் பாக்கி கேட்பார்கள். அந்த இரண்டு நிலைக்கும் நடுவில்தான் கதை கிடக்கிறது. சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைப் பாருங்கள். வழிப்பறி செய்து வாழும் எயினர் குடியில் சாலினி என்பவளுக்குத் தெய்வம் ஏறுகிறது. அவள் எதிரியைச் சபிக்கவில்லை, தன் ஆட்களைத்தான் ஏசுகிறாள். பகைவர் ஊரில் மாடு பெருகிவிட்டது, உங்கள் மன்று பாழாய்க் கிடக்கிறது, கொற்றவைக்குக் கடன் கொடுக்காமல் வில்லுக்கு வெற்றி கிடைக்காது என்கிறாள். அதற்கு அடுத்தது இன்னும் அழகு. நடந்து கால் நொந்து ஓரமாக அமர்ந்திருக்கும் வழிப்போக்கர் மனைவி ஒருத்தியைச் சுட்டி, இவள் தென்தமிழ்ப் பாவை என்று புகழ்கிறாள். கண்ணகி கூச்சத்தோடு கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்கிறாள். மதுரை எரிவதற்கு முன், சேரன் கல் எடுப்பதற்கு முன், அந்தப் பெண்ணிடம் தெய்வத்தைக் கண்டவள் ஒரு கொள்ளைக் குடியின் சாமியாடி. உங்கள் கதையில் ஆடுபவர்கள் ஓர்க் ஊருக்குள் நுழையும்போது, சாமியாடி அவர்களில் மிகச் சாதாரணமான ஒருவரைப் பார்த்துக் கும்பிட்டால் என்ன ஆகும்? முயன்று பாருங்கள்.

இன்னொன்று, வரலாறு. உங்கள் ஓர்க் தெய்வம் நேற்றுப் பிறந்தவர்போல் இருக்கிறார். தெய்வத்துக்குக் காயம் வேண்டும். கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கீசர் இடித்தார்கள், அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இன்று பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்வெட்டுத் துண்டு ஒன்று சுவரோடு சுவராக நிற்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கி பிரிப்பான் என்ற செய்தியோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். வாய்வழியாக வரும் வெண்பாவில் அடுத்தடுத்து ஆளப்போகிறவர்களுக்குப் பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்றே பெயர். வந்தவர்களை அவர்கள் கண்ணின் நிறத்தால் நினைவு வைத்திருக்கிற ஊர் இது. மக்கள் மறைத்துப் புதைத்த செப்புத் திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. 1956இல் கடலில் மூழ்கிப் பார்த்தவர்கள் சுவாமிமலை அடிவாரத்தில் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். 1963இல் மறுபடி குடமுழுக்கு நடந்தது. முந்நூறு ஆண்டுக்கு மேல் கோயில் இல்லாத வெறும் பாறையை நோக்கி ஊர் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

உங்கள் ஓர்க்குகளின் கோயிலை மனிதர்கள் எப்போதோ இடித்திருக்கட்டும். ஆடுபவர்கள் இரவு தங்கும் மனிதக் கோட்டையின் படிக்கல்லில், கால் வைக்கிற இடத்தில், தேய்ந்த ஒரு கோரைப்பல் சிற்பம் இருக்கட்டும். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். கூட வரும் ஓர்க் அந்தப் படியை மட்டும் மிதிக்காமல் தாண்டி ஏறுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மூதூர், வெருகல் பக்கம் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, அவர்களின் மூதாதையர் வழிபாடும் இருக்கிறது. ஓர்க்குகளுக்குப் பச்சை நிறம் பூசி அந்த வழிபாட்டை அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் கைவிடச் சொல்லுங்கள். ஓர்க் என்ற உருவத்தையே நாகரிகமில்லாதவர் என்று தாம் நினைத்த மக்களின் சாயலில் பலர் எழுதிவந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் நம் அயலவர்மேல் போடக் கூடாது. கண்ணகி பெயரும் வேண்டாம், வேப்பிலையும் வேண்டாம், உடுக்கும் வேண்டாம். சூட்டைக் கடன் வாங்கினால் ஆற்றித்தான் திருப்ப வேண்டும் என்ற முறைமையை மட்டும் எடுங்கள். உடையை எடுக்காதீர்கள். என் பிள்ளையார் தவற்றைச் சொன்னது அதற்காகத்தான்.

கடைசிக் கேள்வி: தெய்வம் உண்மையில் இருக்கிறதா? விளையாட்டு நூல்கள் இருக்கிறது என்று அடித்துச் சொல்லும். எவ்வளவு அடி தாங்கும் என்று தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளிகூடக் குறித்திருப்பார்கள், வெட்டிக் கொல்லலாம். நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. எங்கள் மேசையில் ஒரு விதி மட்டும் உண்டு: எரிவாயனுக்காகத் தாயக்கட்டை உருட்டக் கூடாது. மழை வந்தால் வந்தது, நோய் தீர்ந்தால் தீர்ந்தது. ஒரு கிழவி காரணம் சொல்வாள், இன்னொரு கிழவி வேறு காரணம் சொல்வாள். நான் இருவருக்கும் தலையாட்டுவேன். ஒரே ஒரு தடவை ஆடுபவர்கள் விடாமல் நெருக்கியபோது, ஊற்றாமல் விட்ட அந்தக் குடத்தை எட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து மாத வெயிலில் நீர் ஒரு விரல்கூடக் குறைந்திருக்கவில்லை. எவளாவது இரவில் வந்து நிரப்புகிறாளா என்று இப்போது அவர்கள் முறைபோட்டுக் காவல் இருக்கிறார்கள். இன்னும் யாரும் அகப்படவில்லை.